வளைவில் வாலாட்டும் பழைய கார்: கோளாறு எங்கே இருக்கிறது?

கோல பிலாவில் ஒரு திருமணத்தை முடித்துக்கொண்டு சிரம்பானுக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். அந்தி நேரம், மழை விட்டு விட்டுப் பெய்தது. பெரியப்பா விட்டுச்சென்ற பழைய டோயோட்டா கொரோலா கேஇ70 காரை அவர் மகன், என் அண்ணன், ஓட்டினார். பின்னிருக்கையில் பெரியம்மா. புக்கிட் புத்துஸ் பழைய மலைச்சாலையில் இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவு. எதிரே லோரி வருவதைக் கண்ட அண்ணன், எண்ணெய் மிதியிலிருந்து சட்டென்று காலை எடுத்தார். அவ்வளவுதான். காரின் பின்பக்கம் நடுக்கோட்டை நோக்கி வழுக்கியது.

அண்ணன் ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளித்துவிட்டார். லோரிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்து போனார். யாருக்கும் காயமில்லை. ஆனால் வீடு வந்து இறங்கியதும் பெரியம்மா சொன்னது ஒரே வரி: “இனிமே நான் இந்தக் காடியில ஏற மாட்டேன்பா.”

அந்தக் கார் பெரியப்பா தோட்டத்தில் லோரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியது. அவர் காலத்தில் அது வாலாட்டியதே இல்லை. அண்ணன் கைக்கு வந்த பிறகுதான் இஞ்சின் மாறியது, ஸ்பிரிங் வெட்டப்பட்டது, அகலமான ஸ்போர்ட் ரிம் ஏறியது. எனவே பெரியம்மாவின் கோபம் கார்மீது மட்டும் இல்லை என்பது அண்ணனுக்கும் தெரியும்.

மறுநாளே ஆலோசனைகள் குவிந்தன. ஒருவர் ஹைலோ அப்சோர்பர் போடச் சொன்னார். இன்னொருவர் எல்எஸ்டி போடச் சொன்னார். மூன்றாமவர் விற்றுவிடச் சொன்னார். எல்லாரும் ஒரு பதிலோடு வந்தார்கள், கேள்வி கேட்டவர் எவரும் இல்லை. சிலியாவ் பக்கம் தோட்டப் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர்தான் முதலில் கேட்டார்: “தம்பி, எப்ப ஆடுது?”

அவரோடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து நாங்கள் கற்றுக்கொண்டதே இந்தக் கட்டுரை. நெகிரி செம்பிலானில் பழைய காரை ஆசையாக வைத்திருக்கும் தம்பிகளுக்கும், அந்தக் காரில் உட்கார்ந்து போகும் அம்மாக்களுக்கும் இது பயன்படும்.

இந்தக் கார்மேல் ஏன் இவ்வளவு மோகம்?

கேஇ70 வகை கொரோலா 1979-இல் அறிமுகமானது. 1.3 லிட்டர் 4கே இஞ்சின், பின்சக்கர இயக்கம், எந்தப் பட்டறையிலும் பழுதுபார்க்கக்கூடிய எளிய அமைப்பு. அதே குடும்பத்தில் 1983-இல் வந்த ஏஇ86 காரில் 1.6 லிட்டர் 4ஏ-ஜிஇ இஞ்சின் இருந்தது. மலைவளைவுகளில் அந்தக் கார் பறப்பதைக் காட்டிய ‘இனிஷியல் டி’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதை 1995-இல் தொடங்கியது. அதன் பிறகு ஏஇ86-இன் பெயர் உலகெங்கும் பரவியது. ஏஇ86 வாங்க வசதியில்லாத நம் பையன்கள், ஹாப்கட் கடையில் 4ஏ-ஜிஇ இஞ்சினை எடுத்துக் கேஇ70-இல் போடத் தொடங்கினார்கள்.

இரண்டு கார்களின் பின்பக்கமும் ஏறக்குறைய ஒரே ஏற்பாடுதான். இரு சக்கரங்களையும் இணைக்கும் கெட்டியான ஒற்றை ஆக்சில், இரண்டு காயில் ஸ்பிரிங், முன்னும் பின்னும் ஆக்சில் நகராமல் பிடிக்கும் நான்கு தண்டுகள், இடம் வலமாக நகராமல் பிடிக்கும் ஒரே ஒரு குறுக்குத் தண்டு. அந்தக் குறுக்குத் தண்டுக்குப் ‘பேன்ஹார்ட் ராட்’ என்று பெயர். நம் கதையில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

இஞ்சின் மாறியதும் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆனால் பின்பக்கத்து ரப்பர் புஷ்கள், பிரேக், சேசி எல்லாம் நாற்பது வருடப் பழசு. கோளாறு பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான்.

பின்பக்கம் ஏன் நழுவுகிறது?

ஒரு காரைச் சாலையோடு பிடித்து வைப்பவை நான்கு டயர்கள். ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கையின்மேல் எவ்வளவு எடை அழுத்துகிறதோ, அந்த அளவுக்குப் பிடிப்பு.

பால்மரத் தோட்டத்தில் வாளி சுமந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நடக்கும்போது சட்டென்று நின்றால் வாளியில் உள்ள பால் முன்பக்கம் அலைமோதும். காரும் அப்படித்தான். வளைவின் நடுவில் மிதியை விட்டாலோ பிரேக் போட்டாலோ எடை முன்சக்கரங்களுக்குப் போகிறது. பின்சக்கரங்கள் இலேசாகின்றன. முன்பக்கம் வளைவுக்குள் பிடித்துத் திரும்ப, பின்பக்கம் பிடியிழந்து வெளியே போகிறது. புக்கிட் புத்துஸில் எங்களுக்கு நடந்தது இதுதான்.

நல்ல நிலையில் உள்ள கார் இதையெல்லாம் தாங்கும். தாங்காமல் சட்டென்று உதறினால், எங்கோ ஒன்று பழுதாகியிருக்கிறது அல்லது தவறாக மாற்றப்பட்டிருக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே தலைவலி

இது நம் பட்டறைகளின் பிரச்சினை மட்டுமல்ல. ஜெர்மனியின் போர்ஷே 911 காரில் இஞ்சின் பின் ஆக்சிலுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவில் மிதியை விட்டால் வால் சுழலும் என்று 1960-களில் அது பெயரெடுத்தது. அந்த நிறுவனம் முதலில் செய்த வைத்தியம், முன் பம்பரின் இரு முனைகளிலும் தலா 11 கிலோ இரும்பை ஒளித்து வைத்ததுதான். பிறகு 1969 மாடலில் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள். இரண்டு விரல் தடிமன்கூட ஒரு காரின் குணத்தை மாற்றும் என்பதற்கு இது சாட்சி.

அமெரிக்காவில் 1960-இல் வந்த செவ்ரோலெ கோர்வேர் காரும் பின் இஞ்சின்தான். அதன் முன் டயருக்கு 15 பிஎஸ்ஐ, பின் டயருக்கு 26 பிஎஸ்ஐ காற்று வைக்கும்படி தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். அந்த வித்தியாசம்தான் பின்பக்கத்தைக் கட்டுப்பாட்டில் வைத்தது. நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்றடித்தால் அந்தக் காப்பு போய்விடும். 1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகம் இந்தக் காரை நாடறியக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அதே காலத்தின் மற்ற கார்களைவிட அது மோசமில்லை என்று அரசாங்கம் கேட்டு வாங்கிய அறிக்கை ஒன்று 1972-இல் சொன்னது. வழக்கு எப்படி முடிந்தாலும் நமக்கான பாடம் ஒன்றுதான்: காற்று அளவு சின்ன விஷயமல்ல.

எப்போது ஆடுகிறது? ஐந்து பதில்கள்

பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஆடும் நேரத்தை வைத்தே பாதிக் கோளாற்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் அனுபவம்.

ஒன்று, நேர்ச்சாலையில் வேகம் ஏறும்போது பின்பக்கம் இடம் வலமாக நெளிந்தால், தேய்ந்த புஷ், தளர்ந்த பேன்ஹார்ட் ராட், கோணலாக உட்கார்ந்த ஆக்சில் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

இரண்டு, வளைவில் மிதியை விடும்போது உதறினால், பின் டயரின் நிலை, காற்று அளவு, தாழ்த்தப்பட்ட ஸ்பிரிங் ஆகியவற்றைப் பாருங்கள்.

மூன்று, வளைவில் மிதியை அழுத்தும்போது சுழன்றால், சக்தி அதிகம், டயர் போதவில்லை. டிஃப் வெல்ட் செய்யப்பட்டிருந்தால் அதுவும் காரணம்.

நான்கு, பிரேக் போடும்போது மட்டும் வால் திரும்பினால், பின் டிரம் ஒன்று கடிக்கிறது, அல்லது முன் பின் பிரேக் விகிதம் கெட்டிருக்கிறது.

ஐந்து, மேடு பள்ளத்தில் பக்கவாட்டில் துள்ளினால், அப்சோர்பர் செத்துவிட்டது அல்லது அளவுக்கு மீறி விறைப்பாக இருக்கிறது.

எங்களுடையது இரண்டாவது வகை. கொஞ்சம் ஐந்தாவதும் சேர்ந்திருந்தது.

காசில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள்

பெரியவர் போட்ட முதல் விதி: செலவில்லாததை முதலில் பார். இரண்டாவது விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது. அண்ணன் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார்.

முதலில் டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. எங்கள் பின் டயரில் 2312 என்று இருந்தது. அதாவது 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. தேய்மானம் குறைவு, பார்க்கப் புதுசு போலத்தான் இருந்தது. நகத்தால் அழுத்தினால் கல். வயதான ரப்பர் ஈரச்சாலையைப் பிடிக்காது. அண்ணன் புது டயர்களை முன்பக்கம் போட்டுப் பழசைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார். இது பலரும் செய்யும் தவறு. நல்ல டயர் எப்போதும் பின்னால்தான் இருக்க வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஓட்டுபவர் உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும், யோசிக்க நேரமிருக்காது.

அடுத்து காற்று. எண்ணெய் நிலையத்தில் நான்குக்கும் 36 அடித்திருந்தார். இலேசான பழைய காருக்கு அது அதிகம். கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ உள்ள அளவிலிருந்து தொடங்குங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் ஓட்டுவதற்கு முன் அளக்க வேண்டும்.

அதன் பிறகு ஒரு கயிறு. காரின் இரு பக்கமும் நேராக நூல் கட்டி, ஒவ்வொரு ரிம்மின் முன் விளிம்பும் பின் விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று அளந்தோம். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் அளந்தோம். கேஇ70-இல் அந்தத் தூரம் 2,400 மில்லிமீட்டர். இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவு இருந்தால் ஆக்சில் கோணலாக நிற்கிறது. முன்சக்கரங்கள் நேராக இருந்தாலும் பின்பக்கம் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் காரில் ஆக்சில் நேராகத்தான் இருந்தது. ஆனால் முழுதாக இடப்பக்கம் தள்ளி நின்றது.

பேன்ஹார்ட் ராட் சொன்ன செய்தி

குறுக்குத் தண்டின் ஒரு முனை சேசியில், மறுமுனை ஆக்சிலில். சாதாரண உயரத்தில் அது ஏறக்குறையத் தரைக்கு இணையாகக் கிடக்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தினால் தண்டு சாய்கிறது, ஆக்சில் ஒரு பக்கம் நகர்கிறது. பிறகு மேடு பள்ளம் வரும்போதெல்லாம் ஆக்சில் மேலும் கீழும் மட்டும் போகாது, இடம் வலமாகவும் போகும். அதை ஓட்டுபவர் வாலாட்டமாக உணர்கிறார். நீளத்தை மாற்றக்கூடிய ராட் போட்டால் ஆக்சிலை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவரலாம்.

அதைவிட மோசம், எங்கள் ராட்டின் சேசிப்பக்க புஷ் வெடித்துப் போயிருந்தது. பெரியவர் ஒரு கம்பியால் நெம்பிக் காட்டினார். தண்டு பக்கவாட்டில் விரல் தடிமனுக்கு ஆடியது. வளைவில் எடை மாறும்போது அந்த ஆட்டம் முழுதும் ஒரே நொடியில் ஆக்சிலுக்குப் போகிறது.

அடியில் போகும்போது ஓர் எச்சரிக்கை. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்த பிறகே போக வேண்டும். தோட்டத்து மண் மழையில் இளகும், எனவே ஸ்டாண்டுக்குக் கீழே கனமான பலகை போடுங்கள்.

வெட்டிய ஸ்பிரிங் செய்யும் வேலை

ஸ்பிரிங்கை வெட்டினால் அது குட்டையாவதோடு விறைப்பாகவும் ஆகிறது. சக்கரம் மேலே போக இருந்த இடமும் குறைகிறது. வளைவில் கார் சாயும்போது ஆக்சில் மேலே வந்து ரப்பர் தடையில் மோதும். மோதிய அந்தக் கணத்தில் அந்தப் பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி. எடை முழுதும் ஒரே டயரின்மேல் விழ, டயர் கைவிடுகிறது. அதுவரை அமைதியாக இருந்த கார் எச்சரிக்கையே இல்லாமல் உதறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைக் கண்டுபிடிக்க பெரியவர் சொன்ன உத்தி எளிது. ரப்பர் தடையின் முனையில் கொஞ்சம் களிமண் அப்பி, வழக்கமான சாலையில் வழக்கமான வேகத்தில் ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். களிமண் நசுங்கியிருந்தால் ஆக்சில் அங்கே மோதுகிறது. எங்கள் காரில் ஆட்களை ஏற்றி ஓட்டியதில் இரு பக்கமும் தட்டையாகியிருந்தது. திருமணத்திலிருந்து திரும்பிய அன்று கார் நிறைய ஆட்கள் இருந்ததும் நினைவுக்கு வந்தது.

தாழ்த்தினால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். பின்பக்கத்தைத் தூக்கி வைத்தாலும் வேறொரு கோளாறு வரும். தூக்கினால் ஆக்சிலைப் பிடிக்கும் நீளத் தண்டுகள் பின்னோக்கிக் கீழே சாய்கின்றன. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் மேலே எழும்போது தண்டு மட்டமாகி, அந்தச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும். உட்பக்கச் சக்கரம் முன்னுக்கு வரும். ஆக்சிலே வளைவுக்கு வெளியே திரும்பிக்கொள்கிறது. பட்டை ஸ்பிரிங் உள்ள பழைய டட்சன்களில் ஷேக்கிளை நீட்டித் தூக்கியவர்களுக்கும் இதே கதிதான்.

இன்னும் சில சந்தேகங்கள்

டிரிஃப்ட் ஆசையில் சிலர் டிஃப்பை வெல்ட் செய்துவிடுகிறார்கள். சாதாரண டிஃப்பில் வளைவின்போது உட்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்றும். ஈரத்தில் மிதித்தால் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். வெல்ட் செய்தால் இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றும், பிடியையும் ஒன்றாகவே இழக்கும். மழைச்சாலையில் குடும்பத்தோடு போகும் காருக்கு அது வேண்டாம்.

பின் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டவர்கள், முன் பின் விகிதத்தைச் சரிசெய்யாவிட்டால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். அப்போது பிரேக்கே காரைச் சுழற்றிவிடும். பின்பக்கம் தடித்த ஆன்டிரோல் பார் போட்டாலும் வாலாட்டம் கூடும். சில வேளை குற்றவாளி முன்பக்கத்திலேயே இருப்பான். தளர்ந்த ஸ்டீரிங் பாக்ஸ், தேய்ந்த பால் ஜாயிண்ட் ஆகியவையும் பின்பக்கம் ஆடுவது போன்ற உணர்வைத் தரும்.

சோதனை ஓட்டத்தை மலைச்சாலையில் செய்யாதீர்கள். பிற்பகல் மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் சாலை மிகவும் வழுக்கும். செம்பனை லோரிகள் தோட்டத்திலிருந்து ஏறும் சந்திகளில் சேறும் சேர்ந்துகொள்ளும். அங்கே பாடம் கற்றுக்கொள்ள முடியாது.

சட்டமும் காப்புறுதியும்

இஞ்சின் மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும், பரிசோதனையும் உண்டு. புதிய இஞ்சின் எண் பதிவுப் பத்திரத்தில் ஏற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு இழப்பீட்டுக் கோரிக்கையில் கேள்வி எழலாம். அடிபட்டவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்தக் கேள்வி மிகவும் கனமாக இருக்கும். ஹாப்கட் கடையில் வாங்கிய இஞ்சினின் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

எங்கள் கார் என்ன ஆனது?

முதல் ஞாயிறு, நான்கும் ஒரே வகைப் புது டயர், கையேடு சொன்ன காற்று. ஆட்டம் பாதி குறைந்தது. இரண்டாம் ஞாயிறு, பேன்ஹார்ட் ராட் புஷ். நேர்ச்சாலை நெளிவு நின்றது. மூன்றாம் ஞாயிறு, வெட்டிய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பழைய உயரத்துக்கு ஒத்த ஸ்பிரிங்கும் சாதாரண அப்சோர்பரும். கார் இப்போது முன்பைவிட உயரமாகத் தெரிகிறது. நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். அண்ணன் வாங்க நினைத்த ஹைலோ செட்டும் எல்எஸ்டியும் சேர்ந்த விலையில் பாதிகூட ஆகவில்லை.

பெரியம்மா உடனே சம்மதிக்கவில்லை. இரண்டு மாதம் பேருந்திலேயே போய்வந்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக மழை வந்துவிட்டது. அண்ணன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பெரியம்மா டயரைக் குனிந்து பார்த்தார், பார்க்கத் தெரிந்தவர் போல. “மெதுவா போ” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்தால், இன்று மாலையே ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு பின் டயரின் அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்கட்டும். அதற்குக் காசு தேவையில்லை.